தற்கொலை முயற்சி இப்போது குற்றமா? டாக்டரிடம் மறைக்கும் முன் இதைப் படியுங்கள்

சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை ராத்திரி நேரத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன குடித்தாள் என்று டாக்டர் மூன்று தடவை கேட்டார். "இருமல் மருந்துன்னு நினைச்சு தெரியாம குடிச்சிட்டா சார்" என்று மூன்று தடவையும் அதையே சொன்னார் அவள் அம்மா. பாட்டில் அவர் முந்தானைக்குள் இருந்தது. கல்யாணமாகாத பெண், போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஒரு நர்ஸ் அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசிய பிறகுதான் பாட்டில் வெளியே வந்தது. அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த அம்மா பயந்த சட்டத்தின் பல் அப்போதே பிடுங்கப்பட்டிருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தச் சட்டம், 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. திருட்டில் பறிகொடுத்தவர் ஒருவர் இருப்பார், அடிதடியில் அடிபட்டவர் ஒருவர் இருப்பார். இங்கே துன்பப்பட்டவரும் அவரே, குற்றவாளியும் அவரே. இந்தப் பிரிவை இங்கே எழுதிவைத்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து 1961இலேயே எடுத்துவிட்டார்கள். நம் சட்ட ஆணையமும் 1971இல் இதை நீக்கச் சொன்னது. 1994இல் இந்தப் பிரிவு செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், 1996இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் செல்லும் என்றது. ஒரு பிரிவு சட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அதை வெளியே எடுப்பது எவ்வளவு பாடு பாருங்கள்.

மாற்றம் வந்தது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மூலமாக. 2018 மே 29 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 115ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தண்டனைச் சட்டத்தின் கீழ் அவர் மேல் வழக்கு நடத்தவோ அவரைத் தண்டிக்கவோ கூடாது. அடுத்தது, அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தந்து, மறுபடி அப்படி நேராமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. நேற்றுவரை கைது செய்ய வந்த அரசு, இன்று மருந்தோடு வர வேண்டும் என்கிறது சட்டம். அப்புறம் 2024 ஜூலை 1 அன்று பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்தபோது, 309 போன்ற பொதுவான பிரிவே அதில் இல்லை.

ஆனால் ஒரு துண்டு மட்டும் 226ஆம் பிரிவாக மிச்சமிருக்கிறது. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, கட்டாயப்படுத்தவோ ஒருவர் தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல் (கடுங்காவல் அல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வருபவர்களில் பலர் பட்டாவுக்கோ கந்துவட்டிப் புகாருக்கோ நடையாய் நடந்து ஓய்ந்தவர்கள். அப்படிப்பட்டவர் மேல் இந்தப் பிரிவு பாய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிவில் முக்கியமான சொல் 'நோக்கம்'. அதிகாரியைப் பணியவைக்கும் நோக்கம் இருந்தது என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். அலுவலக வளாகத்தில் நடந்தது என்பது மட்டும் போதாது. மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இவருக்கும் உண்டு என்று வழக்கறிஞர் வாதிடவும் இடமிருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

சரி, வழக்கு இல்லை என்றால் மருத்துவமனைக்குப் போலீஸ் ஏன் வருகிறது? விஷம், தீக்காயம் என்று யார் வந்தாலும் ஏ.ஆர். என்ட்ரி (விபத்துப் பதிவேட்டில் பதிவு) போட்டு ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்வது மருத்துவமனை வழக்கம். யாராவது அடித்தார்களா, வரதட்சணைக் கொடுமையா, தூண்டிவிட்டார்களா என்று அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. தற்கொலைக்குத் தூண்டுவது இன்றைக்கும் பெரிய குற்றம்தான். வாக்குமூலம் வாங்கினார்கள் என்பதற்காக, படுக்கையில் கிடப்பவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். "இது போலீஸ் கேஸ், வேறெங்காவது கொண்டுபோங்கள்" என்று தனியார் மருத்துவமனை திருப்பி அனுப்பவும் கூடாது. முதலில் உயிர், நடைமுறைகள் பிறகு என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

உயிர் பிழைத்ததும் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது நம் பழக்கம். சட்டம் தரும் பாதி உரிமை அங்கேதான் வீணாகிறது. போவதற்கு முன் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மனநல மையங்களில் சிகிச்சை இலவசம். மனநோய்க்கான சிகிச்சையை உடல்நோய்க்கு ஈடாகவே மருத்துவக் காப்பீடு ஏற்க வேண்டும். தானே ஏற்படுத்திக்கொண்ட காயத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று மட்டும் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரவும் கூடாது.

இதைப் படிக்கும் நீங்களே அப்படியொரு நெருக்கடியில் இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற இலவச அரசு உதவி எண் அது, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104க்கும் பேசலாம். வீட்டில் யாருக்காவது நேர்ந்துவிட்டால் 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். பாட்டிலோ மாத்திரை அட்டையோ கிடைத்தால் கையோடு எடுத்துப் போய் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.