பாட்டு மண்டைக்குள் ஓடுகிறதா, பக்கத்து வீட்டில் கேட்கிறதா?

"டாக்டர், ஒரே பாட்டு மூணு நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தூக்கமின்மைக்கோ வேறு எதற்கோ வந்தவர்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தபிறகுதான் கொஞ்சம் வெட்கத்தோடு இதைக் கேட்பார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. பின்லாந்தில் 12,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட இணையவழி ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது இப்படி நடப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாத்திரம் கழுவும்போது, பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது என்று மனசுக்குப் பெரிதாக வேலையில்லாத நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவும் முழுப் பாட்டு வராது, பல்லவியில் ஒரு வரி, அதுவே திரும்பத் திரும்ப.

விரட்ட விரட்டத்தான் அது ஒட்டும். பாட்டை ஒருமுறை கடைசிவரை கேட்டுவிட்டால் சிலருக்கு நின்றுவிடும், சிலருக்கு அதுவே இன்னும் கூடும். சூயிங் கம் மென்றால் குறைகிறது என்று இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் கண்டார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் மனசுக்குள் பாடும்போதும் வாயை அசைக்கிற ஏற்பாடு மூளையில் கொஞ்சம் வேலை செய்கிறது, மெல்லும்போது அதற்கு இடையூறு வருகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இயர்போனை மாட்டிக்கொண்டே தூங்குகிறவர்களுக்கு ஒன்று: வரிகள் இல்லாத இசைதானே, தொந்தரவு செய்யாது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், தெரிந்த பாட்டின் வெறும் இசை வடிவம்தான் தூங்கப் போகிற நேரத்தில் அதிகம் ஒட்டிக்கொண்டது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வயதானவர்களைப் பற்றி. "ராத்திரி பூரா கோயில்ல ஸ்பீக்கர் போட்டிருக்காங்க, நிறுத்தச் சொல்லு" என்று வீட்டில் அம்மாவோ பாட்டியோ சொல்கிறார், வெளியே போய்ப் பார்த்தால் தெருவே அமைதியாக இருக்கிறது. இது மேலே சொன்னது அல்ல. அங்கே பாட்டு உள்ளே ஓடுவது நமக்கே தெரியும், இங்கே நிஜமாகவே காதில் விழுகிறது. காது மந்தமான முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. வெளியிலிருந்து வரும் ஒலி குறைந்ததும் மூளை தன் சேமிப்பிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் பலருக்கும் சின்ன வயதில் கேட்ட பக்திப் பாட்டோ கல்யாண நாதஸ்வரமோ வருகிறது.

வீட்டுக்காரர்கள் ஒன்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள், இல்லை "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு" என்று அவர் காதுபடவே பேசுகிறார்கள். அதற்குப் பயந்து எத்தனையோ பேர் வாயைத் திறப்பதே இல்லை. இதில் எனக்குக் கோபமே வருவதுண்டு. இது மட்டும் இருந்தால் பைத்தியம் இல்லை, முதலில் செய்ய வேண்டியது காதுப் பரிசோதனை. அடைத்துக்கொண்டிருக்கும் அழுக்கை எடுத்து, தேவைப்பட்டால் காது மெஷின் வைத்தால் பலருக்குச் சத்தம் குறைகிறது, எல்லோருக்கும் அல்ல. ராத்திரி முழு நிசப்தத்தில் படுக்காமல் ஃபேனையோ ரேடியோவையோ மெதுவாக ஓடவிடுவதும் உதவும்.

பாட்டோடு சேர்ந்து யாரோ திட்டுவதாகவோ கட்டளையிடுவதாகவோ குரல் கேட்டால், வலிப்பு வந்தால், திடீரென்று ஒரே நாளில் ஆரம்பித்தால், புது மாத்திரை தொடங்கியபின் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். இளையவர்களிலும், பாட்டை நிறுத்த முடியாமல் படிப்பும் வேலையும் கெடுகிறது என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக, அதாவது ஓசிடியாக இருக்கலாம், அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.