உண்ணியின் வயிற்றில் சூடு ஏறும்போது

ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு உண்ணியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. காதுமடலிலும் வாலடியிலும் ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்துக் குடித்துக் கொட்டமுத்து அளவுக்கு உப்பியிருக்கும். அந்த உண்ணியைவிட அதன் குடலுக்குள் வாழும் பாக்டீரியாதான் எனக்குப் பெரிய வியப்பு.

உண்ணிக்கென்று தனி உடல்சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ, ஏறக்குறைய அதுதான் அதன் வயிற்றிலும். மனிதர், மாடு, எலி உடம்பிலோ 37 டிகிரியை ஒட்டியே எப்போதும் இருக்கும். இரண்டு இடத்திலும் பிழைக்க வேண்டிய கிருமி, ஒரே புரதங்களை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

இதைத் தெளிவாகக் காட்டியது லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா. இது அமெரிக்கா, ஐரோப்பாவின் குளிர்ந்த காடுகளில்தான் அதிகம்; நம் பக்கத்து நோயல்ல. பசித்திருக்கும் உண்ணிக்குள் இந்தக் கிருமியின் மேற்பரப்பில் ஓஸ்ப்-ஏ என்ற புரதம் இருக்கும். குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடக்க அது உதவுகிறது. ரத்தம் உள்ளே வந்ததும் ஓஸ்ப்-சி என்ற வேறொரு புரதம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் பாலூட்டியின் உடம்பில் கிருமி காலூன்ற முடியாது. 1995-ல் வெளியான ஆய்வில், சோதனைக் குழாயில் 24 டிகிரியில் வளர்த்த கிருமிகளிடம் ஓஸ்ப்-சி இல்லை. 32 முதல் 37 டிகிரி வரை வளர்த்தவற்றிடம் இருந்தது.

சூடு எப்படிப் புரதமாக மாறுகிறது? நடுவில் ஆர்போஎஸ் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் இருக்கிறது. அதைத் தயாரிக்கச் சொல்லும் ஆர்என்ஏ இழை குளிரில் தன் மேலேயே மடிந்து, படிக்க வேண்டிய இடத்தை மூடிக்கொள்கிறது. சூடு ஏறும்போது இன்னொரு குட்டி ஆர்என்ஏ வந்து ஒட்டி அந்த மடிப்பைப் பிரிக்கிறது. அப்புறம் ஆர்போஎஸ் தயாராகி, ஓஸ்ப்-சி மரபணுவை முடுக்கிவிடுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறதே, ரத்தமே குடிக்காமல் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கிடக்கும் உண்ணிக்குள் கிருமி ஏமாந்துவிடாதா? நல்ல சந்தேகம்தான். பொரீலியா சூட்டை மட்டும் நம்புவதில்லை. உண்ணி ரத்தம் குடிக்கும்போது அதன் குடலின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) சுமார் 7.4-லிருந்து 6.8-க்கு இறங்குகிறது, உணவும் பெருகுகிறது. சூட்டோடு இந்த அடையாளங்களும் சேர்ந்தால்தான் மாற்றம் முழுதாக நடக்கிறது.

இந்த மாற்றத்துக்கும், கிருமி குடலை விட்டு வெளியேறுவதற்கும் நேரம் பிடிப்பதால், பொரீலியா மனிதருக்குள் வர உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் 1998-ல் அனுமதி பெற்ற லைம் தடுப்பூசி இந்த இடைவெளியைத்தான் பயன்படுத்தியது. தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தோடு ஓஸ்ப்-ஏ எதிர்ப்பொருளும் உண்ணியின் வயிற்றுக்குள் போய், கிருமி வெளியேறும் முன்பே அங்கேயே அதைக் கொன்றது. விற்பனை குறைந்து 2002-ல் அது நிறுத்தப்பட்டது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை, ரிக்கெட்சியா என்ற இன்னொரு பாக்டீரியா வகையால் வரும் காய்ச்சல்கள். பட்டினி கிடக்கும் உண்ணிக்குள் ரிக்கெட்சியா வீரியம் குன்றி இருக்கும். சூடோ ரத்தமோ கிடைத்தால் மீண்டும் வீரியம் பெறும் என்பது 1920-களிலேயே தெரிந்துவிட்டது. இதற்குப் பொரீலியா அளவுக்கு நேரம் தேவையில்லை. அதனால் உண்ணியைப் பார்த்த உடனே இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிட வேண்டும். பிறகு காய்ச்சல் வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் நன்றாகவே குணமாகும்.