மில் லாபத்தில் இரண்டு சதவீதம்: மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு அது வரும் வழி

ஆலை அதிபர்களிடம் மருத்துவமனைக்கு நன்கொடை கேட்பது கோவைப் பக்கத்துக்குப் புதிதல்ல. பி.எஸ்.ஜி. அறநிலையம் தொடங்கியது 1926இல், ஜி.கே.என்.எம். மருத்துவமனை 1952இல். அந்தக் காலத்தில் கொடுப்பது முழுக்கக் கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. 2014 ஏப்ரல் 1 முதல் பெரிய கம்பெனிகளுக்கு அது சட்டக் கடமை. சமூகப் பொறுப்புச் செலவு என்று ஏட்டிலும், சிஎஸ்ஆர் என்று பேச்சிலும் சொல்கிறோம்.

கடமையான பிறகும், கட்டடத்துக்கும் கண் முகாமுக்கும் கிடைக்கிற பணம் ஆராய்ச்சிக்குக் கிடைப்பதில்லை. “கட்டடம் என்றால் பெயர்ப் பலகை வைக்கலாம், ஆராய்ச்சியில் எதைக் காட்டுவது?” என்ற கேள்வி ஒரு காரணம். சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதம் இன்னொரு காரணம். முதலாவதற்கு யாரும் மருந்து கொடுக்க முடியாது. இரண்டாவதை விளக்க முடியும்.

நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலும் போதும், கடமை வந்துவிடும். நம் ஊர் நடுத்தர மில்கள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் மாட்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நூற்பாலையின் வரிக்கு முந்தைய லாபம் 4 கோடி, 6 கோடி, 8 கோடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6 கோடி. அதில் 2 சதவீதம், அதாவது ரூ.12 லட்சம், அந்த ஆண்டு செலவழிக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை. கடமைத் தொகை ரூ.50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனிக் குழு தேவையில்லை. இயக்குநர் குழுவே முடிவெடுக்கலாம். ஆகவே இப்படிப்பட்ட மில்லில் முதலாளி குடும்பத்தில் இரண்டு மூன்று பேரும் ஆடிட்டரும் ஒப்புக்கொண்டால் காரியம் முடிந்தது.

இது கம்பெனிகளுக்கு மட்டும்தான். திருப்பூரிலும் கரூரிலும் எத்தனையோ நிறுவனங்கள் பார்ட்னர்ஷிப்பாகவோ தனி உரிமையாகவோ நடக்கின்றன. ஏற்றுமதி எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்கு இந்தக் கடமை கிடையாது. அவர்களிடம் போய்ச் சட்டம் பேசக் கூடாது. அவர்களுக்கான வழி வேறு, பின்னால் வருகிறது.

பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்பது சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக்கு அதில் நேரடியான வாசல் ஒன்பதாம் இனம். அது குறுகலான வாசல். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், மருத்துவம் ஆகிய துறைகளில் மத்திய, மாநில அரசுகளோ அவற்றின் அமைப்புகளோ நிதி கொடுக்கும் ஆராய்ச்சித் திட்டங்களுக்கும், அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், தேசிய ஆய்வகங்கள், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்றவற்றுக்கும்தான் இதன் கீழ் கொடுக்க முடியும். ஒரு தனியார் அறக்கட்டளை தன் சொந்தச் செலவில் நடத்தும் ஆய்வு இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது. ஆய்வுக்கு அரசு அமைப்பு ஒன்றின் நிதி ஏற்கெனவே வந்திருந்தால் உள்ளே வரலாம். பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் அணு ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அந்த நோயை ஒழிக்க 2023 ஜூலையில் தேசிய இயக்கமே தொடங்கப்பட்டது. மலையில் வேலை செய்யும் அறக்கட்டளை ஒன்று இந்த நோய் பற்றிய ஆய்வுக்கு ஐசிஎம்ஆர் நிதி வாங்கிவிட்டால், அதே திட்டத்துக்குக் கோவைக் கம்பெனியும் ஒன்பதாம் இனத்தில் தைரியமாகப் பணம் தரலாம்.

அகலமான வாசல் முதல் இனம். நோய்த் தடுப்பு உள்ளிட்ட சுகாதாரப் பணிகள் அதில் வருகின்றன. அட்டவணையைத் தாராளமாகப் பொருள் கொள்ளலாம் என்று கம்பெனி விவகார அமைச்சகமே சொல்லியிருக்கிறது. அதனால் நோய் கண்டறியும் பரிசோதனை, நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தல், பதிவேடு பராமரித்தல் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் ஆய்வைப் பல கம்பெனிகள் இந்த இனத்தில் எழுதுகின்றன. வெறும் ஆய்வகச் சோதனையை இதில் எழுதச் சொன்னால் ஆடிட்டர் பேனாவை மூடிவிடுவார், அதிலும் நியாயம் இருக்கிறது.

நம் மண்ணுக்கே உரிய ஒரு நோயை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயை மருத்துவர்கள் பைசினோசிஸ் என்கிறார்கள். வார விடுமுறை கழிந்து மறுபடி ஷிப்டுக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகும். அடுத்த நாள் சரியாகிவிடும். ஆரம்பத்தில் அவ்வளவுதான். நாளாக நாளாக வாரம் முழுவதும் இளைப்பு வரும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் நிற்பவர்களுக்குத் தூசி அதிகம். கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் கேட்கவே வேண்டாம். ஓர் அறக்கட்டளை இதை ஆராய நினைக்கிறது. ஸ்பைரோமீட்டர் குழாயில் ஒவ்வொரு தொழிலாளியையும் ஊதச் சொல்லி, ஷிப்டுக்கு முன்பும் பின்பும் அளவெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு மூச்சுத் திறன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு மில் பணம் தருகிறது. ஆனால் தன் மில் தொழிலாளர்களை மட்டும் பரிசோதிக்கச் சொல்கிறது. அது சிஎஸ்ஆர் ஆகாது. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை விதிகள் விலக்கிவிட்டன. அதோடு, பைசினோசிஸ் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்து வந்தது. தொழிலாளியின் உடல்நலத்தைப் பார்ப்பது முதலாளியின் வேறொரு சட்டக் கடமை. ஒரு கடமைக்குக் கொடுத்த ரூபாயை இன்னொரு கடமையின் கணக்கில் எழுத முடியாது. அதே பணத்தில் பல்லடம், சோமனூர், உடுமலை வட்டாரத்தில் பல மில்களிலும் வேலை பார்த்தவர்களை, ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, பொதுவாகப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பினால் அது முதல் இனத்தில் செல்லும். தூசி உறிஞ்சும் இயந்திரம் தயாரிக்கும் கம்பெனி தன் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கப் பணம் தந்தால் அது அந்தக் கம்பெனியின் வியாபாரம், சிஎஸ்ஆர் அல்ல. மருந்துக் கம்பெனி தன் மருந்தை ஆராயக் கொடுப்பதும் அப்படியே. கொரோனா காலத்தில் அந்த நோய்க்கான மருந்து ஆய்வுக்கு மட்டும் மூன்று நிதியாண்டுகள் விலக்கு இருந்தது.

அடுத்த சிக்கல் காலம். எனக்குத் தெரிந்து ஆராய்ச்சியாளர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். கம்பெனியின் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. நுரையீரல் தேய்மானம் மார்ச்சுக்குள் தெரிந்துவிடாது. இதற்காகத் தொடர் திட்டம் என்ற வகை விதிகளில் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டைத் தவிர மேலும் மூன்று ஆண்டுகள் வரை அது நடக்கலாம். செலவாகாத தொகையை ஆண்டு முடிந்து 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்று இயக்குநர் குழு முன்கூட்டியே தீர்மானம் போடாவிட்டால், மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் சட்டம் குறிப்பிடும் அரசு நிதிகளில் ஒன்றுக்குப் போய்விடும். ஆகவே திட்ட அறிக்கையிலேயே ஆண்டுவாரியாக வேலையையும் செலவையும் பிரித்து எழுதுங்கள். பத்தாண்டு ஆய்வை இந்தப் பணத்தில் மட்டும் நம்பித் தொடங்க வேண்டாம்.

வைப்பு நிதியாகக் கொடுத்தால் வட்டியில் காலத்துக்கும் ஆய்வு நடக்குமே என்று கொங்குநாட்டுக் கணக்குப்படி யோசிப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் 2021 ஜனவரி 22 முதல் அறக்கட்டளையின் மூலநிதிக்குத் தரும் பணம் சிஎஸ்ஆரில் சேராது. பொருளாகக் கொடுத்து அதற்கு விலை போட்டுக்கொள்வதும், ஊழியர்கள் தன்னார்வமாக வந்த நேரத்தை ரூபாயாக்குவதும் செல்லாது. சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கிய கருவி கம்பெனியின் பெயரில் இருக்கக் கூடாது; பதிவு பெற்ற அறக்கட்டளையிடமோ அரசு அமைப்பிடமோ இருக்கலாம்.

கூட்டு என்றாலே விளம்பரம் என்று நினைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. “இந்த மாவு வாங்கினால் ஒரு ரூபாய் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு” என்று பாக்கெட்டில் அச்சிட்டால், அந்த ரூபாய் அறக்கட்டளைக்குப் பயன்படும், தவறொன்றும் இல்லை. ஆனால் பொருளை விற்பதற்கான ஸ்பான்சர்ஷிப்பை விதிகள் சிஎஸ்ஆரிலிருந்து விலக்கியிருக்கின்றன. அதை விளம்பரச் செலவில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மாரத்தான் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகள் சிஎஸ்ஆர் ஆகாது என்று அமைச்சகம் 2014 ஜூன் சுற்றறிக்கையிலேயே சொன்னது. புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஓடுகிற கோவைக்கு இது கொஞ்சம் கசப்பான செய்தி.

அறக்கட்டளை கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் அதிகமில்லை. வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) என்று எல்லோரும் சொல்லும் பதிவுகள், ஒத்த பணியில் மூன்றாண்டு அனுபவம், பிறகு சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் முதல் இந்தப் படிவம் கட்டாயம். தாக்கல் செய்ததும் தனி எண் கிடைக்கும். அந்த எண் இல்லாத அறக்கட்டளை வழியாகக் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பணத்தைச் செலவிட முடியாது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வு என்பதால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று கம்பெனியின் நிதித் தலைவர் சான்று தர வேண்டியிருப்பதால், செலவினச் சான்றை அவர் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: முடிவு எப்படி வந்தாலும் வெளியிடும் உரிமை அறக்கட்டளைக்கே. மில் பணத்தில் நடக்கும் தூசி ஆய்வில் இந்த வரி இல்லாவிட்டால், வந்த முடிவு யாருடைய மேசை இழுப்பறையில் தூங்கும் என்று ஊகிக்கலாம்.

திருப்பூருக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நேரடியாக நன்கொடை தர முன்வந்தால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப் பதிவு இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் புது டெல்லியில் ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

கடமை இல்லாத பார்ட்னர்ஷிப் நிறுவனங்களுக்கு வரிச் சலுகைதான் ஈர்ப்பு. 80ஜி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு, அதற்கு வருமானத்தில் 10 சதவீத உச்சவரம்பும் உண்டு. ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. அறக்கட்டளை அறிவியல் ஆராய்ச்சிச் சங்கமாகத் தனி ஒப்புதல் பெற்றிருந்தால், தொழில் வருமானத்திலிருந்து கொடுத்த தொகை முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில் கொடுத்ததைவிட அதிகமாகவே கழிக்க முடிந்தது. 2020 ஏப்ரலிலிருந்து 100 சதவீதம்தான். அப்படியும் 80ஜியைவிட இது லாபம். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரரிடமோ நாமக்கல் கோழிப்பண்ணைக்காரரிடமோ போகிறவர்கள் சட்டக் கடமையை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம்.

எந்தக் கம்பெனி எவ்வளவு, எதற்குச் செலவிட்டது என்பது ரகசியமல்ல. மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் கம்பெனிவாரியாகவும் மாநிலவாரியாகவும் பார்க்கலாம். அங்கீகரித்த திட்டங்களைக் கம்பெனிகள் தங்கள் தளத்திலும் வெளியிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமும் சொல்வதால், பக்கத்துத் தாலுகாவில் ஆலை உள்ள கம்பெனியிலிருந்து தேடத் தொடங்குங்கள். பிப்ரவரியில் போனால் மிச்சத்தைத் தள்ளிவிடும் அவசரத்தில் ஒரு கருவி வாங்கித் தருவார்கள். மூன்றாண்டு ஆய்வுக்குப் பணம் வேண்டுமென்றால், ஆண்டுச் செயல்திட்டம் எழுதப்படும் ஏப்ரல், மே மாதங்களில் போய் உட்கார வேண்டும்.