எல்லாக் கட்டத்திலும் டிக் போடாதீர்கள்

சென்ற வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் கணினிக் கடைக்கு ஓர் ஐயா வந்தார். தோட்டத்தில் முப்பது வருடம் கிராணி (கணக்கர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி, மோட்டார் கூடையில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அந்தப் பெட்டியின் மேல் காய்ந்து ஒட்டியிருந்தது.

“தம்பி, குக்கி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அப்படியும் வைரஸ் போகலை. இப்போ பேங்குக்குள்ளேயும் போக முடியலை” என்றார்.

கடந்த இரண்டு மாதத்தில் இதே கதையோடு வந்த ஐந்தாவது ஆள் அவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஐயா பயந்துபோய் அதை அழுத்தினார். வந்த பக்கம் கார்டு எண் கேட்டது, கொடுத்தார், 189 வெள்ளி போனது. மறுநாளும் பெட்டி வந்தது. “அது குக்கியாலதான் வருது, அழிச்சிடுங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குரோம் பிரவுசரில் அழிக்கும் இடத்துக்குப் போனவர், கண்ணில் பட்ட கட்டம் எல்லாவற்றிலும் டிக் போட்டு அழித்துவிட்டார். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் மொத்தமும் போய்விட்டன. கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே கூகுள் கணக்கு என்பதால் கைப்பேசியில் இருந்தவையும் சேர்ந்தே போயின. இபிஎஃப் (சேமநிதி), வருமான வரி, வங்கி, எதற்குள்ளும் போக முடியவில்லை. பெட்டி மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

குக்கி வைரஸ் கிடையாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. குக்கி என்பது எழுத்து, வெறும் எழுத்து. பெரும்பாலும் ஒரு பெயர், ஒரு நீளமான எண், எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஒரு குக்கி சுமார் 4 கிலோபைட்டைத் தாண்டாது. அது தானாக ஓடாது, உங்கள் படங்களைத் திறந்து பார்க்காது, இன்னொரு புரோகிராமை உள்ளே இழுத்து வராது. 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுல்லி இதைக் கொண்டுவந்ததே, வந்த ஆளை வலைத்தளம் மறந்துவிடாமல் இருப்பதற்காகத்தான்.

அந்த ஐயாவுக்கு அவர் பாணியிலேயே சொன்னேன். “காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கும் இல்லையா? அவன் நம்பரைச் சொல்வான், நீங்கள் செக்ரோல் புத்தகத்தில் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வீர்கள். விவரமெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, அவன் கையில் இருப்பது நம்பர் மட்டும். குக்கி அந்த நம்பர்தான்.” புரிந்தது என்று தலையாட்டினார். பெரட்டு நம்பரால் யாருக்காவது காய்ச்சல் வருமா?

குக்கியை அழித்தால் கணினி வேகமாகும் என்பதும் தவறு. ஆயிரம் குக்கி சேர்ந்தாலும் கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படத்தின் அளவு வராது. வேகம் குறைந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். கணினிக்குள் இருக்கும் தூசியையும் எறும்புப் புற்றையும் சுத்தம் செய்யுங்கள். ‘குக்கி கிளீனர்’ என்று காசு வாங்கும் எதையும் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வேலையை பிரவுசரே இலவசமாகச் செய்கிறது.

சரி, திரையின் மூலையில் அந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது? நோட்டிஃபிகேஷன், அதாவது அறிவிப்பு அனுப்ப ஒரு தளத்துக்கு நீங்கள் கொடுத்த அனுமதியிலிருந்து. ஏதோ ஒரு நாள் இலவசமாகப் படம் பார்க்கப் போன தளம் ‘தொடர அலோ அழுத்தவும்’ என்றது, அழுத்திவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்துக்காரன் அனுப்புகிறான். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் பிளாக் செய்யுங்கள். ஐயாவின் பட்டியலில் பதினோரு பெயர் இருந்தது, ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பதினொன்றையும் நிறுத்தினேன், மூலையில் இருந்த பெட்டி அதோடு நின்றது.

அப்படியானால் குக்கியை விட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. வேண்டாத குக்கி இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கிறீர்கள், அங்கே விளம்பரம் போடும் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு நம்பரை உங்கள் பிரவுசரில் வைக்கிறது. அடுத்து சமையல் தளம், அப்புறம் துணிக்கடை, எங்கே போனாலும் அதே நிறுவனம் அதே நம்பரைப் பார்க்கிறது. மூட்டுவலித் தைலத்தை ஒரு தடவை தேடினால் ஒரு மாதத்துக்குத் தைலமாகவே வருவது இதனால்தான். இவை மூன்றாம் தரப்புக் குக்கிகள். ஆப்பிளின் சஃபாரி 2020-இலேயே இவற்றை முழுக்கத் தடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி டப்பாவில் பூட்டி வைக்கிறது. குரோம் தானும் நிறுத்தப் போவதாகச் சில ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்து, 2024-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். அதே பிரைவசி பகுதியில் ‘தர்ட் பார்ட்டி குக்கீஸ்’ இருக்கும், உள்ளே போய் பிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தடவை செய்தால் போதும். ஏதாவது ஒரு தளம் தகராறு செய்தால் அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்க வேண்டுமா? அங்கேயே எல்லாத் தளங்களின் தரவுகளையும் காட்டும் பட்டியல் இருக்கிறது. தளத்தின் பெயரைத் தேடி, குப்பைத் தொட்டிப் படத்தை அழுத்துங்கள். ஒரு தளம் சரியாகத் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள், பல நேரம் சரியாகிவிடும்.

மொத்தமாக அழிப்பதென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் குக்கிக்கு மட்டும் டிக். பாஸ்வேர்டு, ஆட்டோஃபில் என்று எழுதிய கட்டங்கள் இருந்தால் அவற்றில் கை வைக்காதீர்கள். அழித்த பிறகு பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள், மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். அதனால் அழிப்பதற்கு முன் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒரு முறை செய்தாலே அதிகம். தினமும் காலையில் அழிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லும் ஆன்ட்டி ஒருவர் இருக்கிறார். தினமும் பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருப்பதால் எல்லாத் தளத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் மகளின் பிறந்த தேதி. குக்கிக்குப் பயந்து வீட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

உண்மையில் பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை. நீங்கள் உள்ளே நுழைந்துவிட்ட பிறகு தளம் கொடுக்கும் குக்கி, ‘இவர் ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்துவிட்டார்’ என்பதற்கான சான்று. அதை ஒருவன் நகல் எடுத்துவிட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் டிஏசி எண்ணும் வேண்டாம், நேரே உள்ளே போய்விடலாம். 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலை இப்படித்தான் பிடித்தார்கள். கணினி பற்றியே பேசுகிறவர்கள் அவர்கள். விளம்பர ஒப்பந்தம் மாதிரி வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், அதற்குள் ஒளிந்திருந்த திருட்டு புரோகிராம் குக்கியை நகல் எடுத்துக்கொண்டது.

நம் ஊரில் அந்த மாதிரிக் கோப்பு, பூட்டை உடைத்து இலவசமாக விடும் ‘கிராக்’ விளையாட்டாக வருகிறது. பையன்கள் இலவசம் என்று இறக்குகிறார்கள், அம்மாவின் ஃபேஸ்புக் போய்விடுகிறது. தம்பிகளே, வீட்டில் எல்லாரும் புழங்கும் கணினியில் அதைப் போடாதீர்கள். போட்டுத் தொலைத்துவிட்டால் பயப்படாமல் வீட்டில் சொல்லுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்தினால், திருடிய குக்கி திருடனுக்குப் பயன்படாது. டியூஷன் சென்டரிலோ பிரிண்ட் எடுக்கும் கடையிலோ ஈமெயிலைத் திறந்தால், ஜன்னலை மூடியதும் வேலை முடிந்தது என்று எழுந்து போகாதீர்கள். லாக் அவுட் அழுத்துங்கள். என் கடைக் கணினியிலேயே மாதம் இரண்டு பேருடைய ஈமெயில் திறந்தபடி கிடக்கிறது, நான்தான் மூடுகிறேன்.

ஐயாவின் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாக மீட்க ஒரு மதியம் ஆனது. நல்ல வேளையாக இபிஎஃப் விவரத்தைப் பழைய செக்ரோல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். 189 வெள்ளி விஷயத்தைப் பத்து நாளாக வீட்டில்கூட அவர் சொல்லவில்லை. முப்பது வருடம் மற்றவர்கள் சம்பளக் கணக்கை ஒரு சென் பிசகாமல் பார்த்தவர், ஏமாந்ததைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். கார்டு எண் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அன்றே, அந்த நிமிடமே உங்கள் வங்கிக்கோ, மோசடிப் புகாருக்கான 997-க்கோ கூப்பிடுங்கள். குக்கியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.