ஒரு நிமிட வேலைதானே என்று கை வைக்கும்போது

விபத்து நடந்த இடத்துக்குப் போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ என்ன வேலை நடந்துட்டு இருந்துச்சு?" 18 வருடமாகப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன், பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது: "பெரிய வேலை ஒண்ணும் இல்ல சார், ஒரு நிமிஷத்துல முடியுற வேலைதான்."

பாய்லரைத் திறக்கிறோம், 20 டன் எடையைக் கிரேனில் தூக்குகிறோம் என்றால் பர்மிட், அதாவது வேலைக்கான எழுத்து அனுமதி, எழுதுகிறோம், சுற்றிலும் கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்துகிறோம், அன்றைக்கு எல்லாருடைய கண்ணும் அந்த வேலையின் மேல்தான் இருக்கும். கன்வேயர் உருளையில் சிக்கிய சாக்குத் துண்டை இழுத்துப் போடுவதற்கு யார் பர்மிட் எழுதுகிறார்கள்? என் அனுபவத்தில் கை போனது, விரல் போனதெல்லாம் இந்த மாதிரி இடங்களில்தான்.

அந்தச் சாக்குத் துண்டு கற்பனை இல்லை. அந்த ஃபிட்டர் அண்ணனுக்கு 22 வருட அனுபவம், அவரிடம் வேலை கற்றவர்கள் அந்தத் தொழிற்சாலையில் நிறையப் பேர். பெல்ட் திணறுகிறது என்று பார்த்ததும் பேனலில் ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, வால் பக்க உருளைக்குப் போய்க் குனிந்து கையை விட்டார். அந்த நேரம் ஷிப்ட் மாறுகிறது. புதிதாக வந்த ஆபரேட்டர் பெல்ட் நிற்பதைப் பார்க்கிறார், பேனல் பக்கத்தில் யாரும் இல்லை, எந்த எச்சரிக்கை அட்டையும் தொங்கவில்லை, 40 மீட்டர் தள்ளிக் குனிந்திருப்பவர் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியவும் மாட்டார். ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டார். முதலில் மாட்டியது அண்ணன் போட்டிருந்த கையுறை, கையுறையோடு கையும் முழங்கை வரை போனது. சுழலும் எந்திரத்தின் அருகில் கையுறை காப்பாற்றாது, இழுத்துவிடும் என்பதை அன்றுதான் பலர் புரிந்துகொண்டார்கள். இந்த இருவரில் யார்மேல் பழி போடுவது? எனக்கு அன்றும் வாய் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஸ்டாப் பட்டன் எந்திரத்தை நிறுத்தும், ஆனால் மின்சாரம் பேனல் வரைக்கும் வந்து காத்துக்கொண்டுதான் இருக்கும். கை வைக்க வேண்டுமென்றால் ஐசொலேட்டரை, அதாவது மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்க வேண்டும், அதில் உங்கள் பூட்டைப் போட வேண்டும், சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. "அவர் பூட்டியிருக்கார், எனக்கும் அது போதும்" என்பது ஆகவே ஆகாது, ஏனென்றால் அவர் தன் வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார், நீங்கள் இன்னும் உள்ளேதான் இருப்பீர்கள். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், தவறான ஐசொலேட்டரைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தவர்களும் உண்டு. அப்புறம், மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று என்றும் நினைக்காதீர்கள். கன்வேயர் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கத் தொங்கும் எடைக்கு மின்சாரம் தேவையில்லை, சிக்கல் விடுபட்ட நொடியில் பெல்ட் தானாகவே ஒரு துள்ளு துள்ளும். எண்ணெய் அழுத்தத்தில் தூக்கி நிற்கும் ஹைட்ராலிக் ராம், குழாயில் அடைபட்ட காற்று, இறுகிய ஸ்பிரிங், மின்தேக்கியில் தங்கிய மின்னேற்றம் எல்லாம் அந்த வகைதான். தாங்கு கொடுத்து, காற்றைத் திறந்துவிட்டு, மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் ஆகும் என்பது உண்மை. "ஏன் இவ்வளவு லேட்?" என்று சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டால் போதும், அடுத்த முறை யாரும் பூட்டை எடுக்க மாட்டார்கள். நான் பயிற்சியில் தொழிலாளர்களிடம் பேசும் நேரத்தை விடச் சூப்பர்வைசர்களிடம் பேசும் நேரம் அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது தொட்டி, குழி, சம்ப். உள்ளே விழுந்த ஸ்பேனரை எடுக்க இறங்குகிறார்கள். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது, 23.5க்கு மேலே போனாலும் கூடாது, அது தீயை ஊதிவிடும். மூடிக் கிடந்த இரும்புத் தொட்டி துருப்பிடிக்கும்போதே உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், வேறு எந்த விஷவாயுவும் தேவையே இல்லை. கழிவுக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வருமே, மூக்கு சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும், வாயு போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு படி இறங்குவார்கள். வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் பார்க்காமல் காலை வைக்காதீர்கள்.

இதில் எனக்கு மனது ஆறாத விஷயம் இன்னொன்று. உள்ளே ஒருவர் சுருண்டு விழுந்ததும் மேலே நிற்பவர் யோசிக்காமல் குதித்துவிடுவார். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் விடுத்த எச்சரிக்கையில், இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. கூட வேலை பார்ப்பவன் கண்ணெதிரே விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நில் என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரியும். அதனால்தான் இறங்குவதற்கு முன்பே குழிவாயின் மேல் நிறுத்தும் மூன்று கால் தாங்கியும் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் உடல் பட்டையும் மாட்டித் தயாராக இருக்க வேண்டும், மேலே நிற்பவர் குதிக்காமல் கைப்பிடியைச் சுற்றினால் ஆள் மேலே வந்துவிட வேண்டும்.

இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் கையில் பிடிக்கும் கிரைண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 4 இன்ச் கிரைண்டரில் தகட்டை மூடியிருக்கும் காப்பு உறையைக் கழற்றிவிட்டு 7 இன்ச் தகட்டை மாட்டுவதை எத்தனை இடத்தில் பார்த்துவிட்டேன்! சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும், 180 மில்லிமீட்டர் தகடு பொதுவாக 8,500 சுற்றுக்கு மேல் தாங்காது. தகடு உடைந்தால் முகத்துக்கு நேரேதான் வரும். நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள், காலாவதித் தேதி அதில் அடித்திருக்கும்.

அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஏணியை நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சாயுங்கள், நான்கு மீட்டர் உயரத்துக்கு அடி ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் நொடியில் நடப்பது. மெதுவாக நடப்பதுதான் எண்ணிக்கையில் பெரிது. உலகத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் வேலையால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் இறக்கிறார்கள், அதில் சுமார் 26 லட்சம் பேர் இறப்பது நோயால். தூசி, புகை, ரசாயனம் எதுவும் அன்றைக்கே ரத்தம் காட்டாது. காதும் அப்படித்தான். 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் சத்தம் என்பது நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 91 என்றால் 2 மணி நேரம்தான். சத்தம் அளக்கும் மீட்டர் இல்லையா? ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே காதடைப்பான் வாங்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஹெல்மெட், கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் வேண்டும்தான், ஆனால் அவை கடைசி அரண். சத்தம் போடும் பேரிங்கை மாற்ற முடியுமா, எந்திரத்துக்கு உறை போட முடியுமா, கல் வெட்டும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சித் தூசியை எழாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார்க்காமல், எல்லாப் பாரத்தையும் தொழிலாளியின் முகத்தில் கட்டிவிடுவது நியாயமே இல்லை.

ஆபத்து தெரிந்தால் நிறுத்துங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி ஒதுங்கும் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்பது உலகத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் வருடத்து 155ஆவது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் பத்து நிமிடப் பேச்சில் இப்போது நான் விதி எதையும் வாசிப்பதில்லை. "நேத்து எந்த விபத்து நூலிழையில தப்பிச்சுது?" என்று மட்டும் கேட்கிறேன். முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை, திட்டு விழும் என்ற பயம். பிறகு ஒரு தம்பி தயங்கித் தயங்கி, மேலே மேடையிலிருந்து ஸ்பேனர் ஒன்று தன் பக்கத்தில் ஒரு அடி தள்ளி விழுந்ததாகச் சொன்னான். மேடையின் உயரம் 6 மீட்டர். அங்கிருந்து விழும் பொருள் மணிக்குக் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. அன்று மதியமே மேடை ஓரத்தில் தடுப்புப் பலகை அடித்தோம், மேலே போகும் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் கயிறு கட்டினோம். மறுநாள் காலை மூன்று பேர் கை தூக்கினார்கள்.