நாலடி நிழல்

ஜாவா உழவர்களின் பழைய நாட்காட்டியில் முதல் மாதத்துக்கு 41 நாள், இரண்டாவதற்கு 23 நாள்தானாமே, இது யார் போட்ட கணக்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மனிதப் பாதம் போட்ட கணக்கு.

ஜாவாவின் பழைய அளவைகளில் பல உடம்பிலிருந்து வந்தவை. விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 'கிலான்', அதாவது நம்ம சாண். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினால் 'டெபா'. எடைக்குப் 'பிகுல்'. அந்தச் சொல்லுக்கே தோளில் சுமப்பது என்றுதான் பொருள். சுமார் 62 கிலோ. பாதத்தின் நீளம் 'பெச்சாக்'. நமக்கு வேண்டியது இந்தக் கடைசி அளவுதான்.

நாட்காட்டியின் பெயர் 'பிரனாதா மங்சா'. மத்திய ஜாவாவின் சுராகார்த்தா அரசர் ஏழாம் பாகுபுவனா 1850களில் அதை முறைப்படுத்தினார். ஆண்டு ஜூன் 22 அன்று தொடங்கும். மொத்தம் 12 மங்சா, அதாவது பருவங்கள்.

சரி, ஜூன் 22 உச்சிவேளையில் மத்திய ஜாவாவில் ஓர் ஆள் நிற்கிறார். ஊர் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 7 டிகிரி. சூரியனோ வடக்கே 23.5 டிகிரியில். நிழல் தெற்கே விழும். டிசம்பரில் சூரியன் தெற்குக் கோடிக்குப் போய்விடுவதால் நிழல் வடக்கே திரும்பும். என் உயரம் 167 செ.மீ., பாதம் 25 செ.மீ. டேன்ஜென்ட் போட்டுப் பார்த்தேன். அங்கே ஜூனில் என் நிழல் கிட்டத்தட்ட 1 மீட்டர், டிசம்பரில் அரை மீட்டர். அதாவது இந்தப் பக்கம் 4 பாதம், அந்தப் பக்கம் 2 பாதம்! நெட்டையோ குட்டையோ, பெரியவர்களுக்குப் பாதம் உயரத்தில் சுமார் 15 சதவீதம் என்பதால், யார் நின்றாலும் கணக்கு பெரிதாக மாறாது. நிலநடுக்கோட்டிலேயே நின்றால் இரு பக்கமும் ஒரே அளவாகிவிடும். இந்த 4-க்கு 2 பொருத்தம் ஜாவாவின் அட்சரேகைக்கு வாய்த்தது.

நிழல் ஒரு பாதம் நகர்ந்தால் ஒரு மங்சா. போக 6, வர 6. ஆனால் நிழல் ஒரே வேகத்தில் நகராது. ஊஞ்சல் கோடியில் தயங்கித் திரும்புவதுபோல, சூரியனும் ஜூனிலும் டிசம்பரிலும் நின்று நிதானித்துத் திரும்பும். அதனால் 4-லிருந்து 3-க்கு வர 41 நாள். அடுத்த மூன்று பாதங்களுக்கு 23, 24, 25 நாள்தான். எதிர்ப்பக்கக் கோடியில் மறுபடி 43. எனக்கு இந்த எண்கள் ஒழுங்கற்றவையாகவே தெரியவில்லை. சூரியனின் தயக்கத்தை அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதையும் 'முன்னோரின் ரகசிய விஞ்ஞானம்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ரகசியம் ஒன்றுமில்லை, வெயிலில் நின்று பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். நாட்காட்டி பிடித்துவைத்தது சூரியனைத்தான், மழையை அல்ல; பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் மழை தாமதித்தால் அது ஏமாந்துபோகும்.

ஒவ்வொரு மங்சாவுக்கும் ஒரு வர்ணனை உண்டு. இலையுதிரும் முதல் மங்சாவுக்கு 'பதித்த இடத்திலிருந்து ரத்தினம் உதிர்கிறது'. நான்காவது மங்சா அக்டோபர் 12 வாக்கில் முடியும்போது சூரியன் நேர் உச்சியில். நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அடுத்ததில் மழை தொடங்கும். அதற்கு வர்ணனை 'உலகெங்கும் சிதறும் பொன் நீரூற்று'.