ஃபார்மட் என்றால் வடிவமைப்பா?

போன வாரம் ஒரு தட்டின் வரைபடம் எனக்கு வந்தது. சின்ன மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் அலுமினியத் தட்டு. நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றி நான்கு திருகுத் துளைகள், கனம் 3 மில்லிமீட்டர். அனுப்பியவர் பொழுதுபோக்காக இயந்திரம் செய்யப் பழகி வருகிற ஒரு தம்பி. கோப்பு என்னிடம் திறக்கவில்லை. “ஆதரிக்கப்படாத வடிவமைப்பு” என்று திரையில் வந்ததை அப்படியே படமெடுத்து, மாற்றி அனுப்பச் சொல்லி அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது: “அண்ணா, வடிவமைப்ப மாத்திட்டேன், இப்ப பாருங்க.” கூடவே ஒரு படம். உண்மையிலேயே மாற்றியிருந்தார். தட்டின் கனம் 5 மில்லிமீட்டர் ஆகியிருந்தது, திருகுத் துளைகள் ஆறாகியிருந்தன. மோட்டாரின் பாரத்துக்குத் தட்டில் போதிய தாங்கல் இல்லை என்று நான் சொன்னதாக நினைத்து, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து வரைந்திருக்கிறார். கோப்போ பழையபடி அதே டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் சேமிக்கும் ஃபார்மட். இந்த முறையும் திறக்கவில்லை.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழில் என்ன எழுதியிருந்ததோ அதை அவர் சரியாகப் படித்தார். எழுதியதுதான் தப்பு.

ஃபார்மட் என்பது அச்சுத் தொழிலிலிருந்து வந்த சொல். ‘இன்ன உருவில் அமைந்த நூல்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து பிறந்து, ஜெர்மன், பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. தாளை எத்தனை மடிப்பு மடித்தார்கள், நூல் என்ன அளவில் வந்தது என்பதைத்தான் அது குறித்தது. அங்கே ‘வடிவம்’ என்று சொல்வதில் தப்பே இல்லை. கணினிக்கு வந்தபோது பொருள் நகர்ந்துவிட்டது. கோப்புக்குள் தகவல் எந்த ஒழுங்கில், எந்தக் குறிகளால் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இப்போது ஃபார்மட்.

மொழிபெயர்த்தவர்கள் அகராதியில் நின்றுவிட்டார்கள். வடிவு, அமைப்பு இரண்டையும் சேர்த்து ‘வடிவமைப்பு’ என்றார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கிறதே! டிசைன் என்பதற்குத் தமிழில் நிலைத்துவிட்ட சொல் அது. பாலத்தை வடிவமைக்கிறோம், பல்சக்கரத்தை வடிவமைக்கிறோம். வேறு துறையில் இந்தக் குழப்பம் அவ்வளவாகக் கடிக்காது. பாட்டுக் கோப்பின் வடிவமைப்பு என்றால் ஏதோ கோப்பு சம்பந்தப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். வரைபடக் கோப்பில் அப்படி முடியாது. அந்தக் கோப்பு சுமந்து வருவதே ஒரு வடிவமைப்பைத்தான். பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பண்டத்துக்கும் ஒரே பெயர் வைத்தால், எதை மாற்றச் சொல்கிறோம் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

‘வடிவம்’ என்று சுருக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகாது, இன்னும் மோசம். வரைபடம் முழுக்க வடிவங்கள்தானே. “இந்த வடிவம் திறக்கவில்லை” என்று வந்தால் வட்டமா சதுரமா என்று கேட்கத் தோன்றும். ‘வடிவூட்டம்’ என்று இன்னொரு ஆக்கம் உண்டு. எழுத்தைத் தடிமனாக்குவது, பத்தியை ஓரம் சேர்ப்பது போன்ற வேலைகளுக்கு அது நல்ல சொல், ஏனென்றால் அங்கே நாம் ஒரு வடிவத்தை ஊட்டுகிறோம். கோப்புக்கு யாரும் எதையும் ஊட்டுவதில்லை. தூய தமிழ் என்பதற்காக மட்டும் அதை இங்கே இழுத்து வருவது எனக்குச் சம்மதமில்லை.

‘கோப்பு வகை’ என்பது மீதி எல்லாவற்றையும் விட எளிது. நானே பல காலம் அதைத்தான் சொன்னேன். அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, வகை என்றதும் எல்லோரும் கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வாலைப் பார்க்கிறார்கள். “வகையை மாற்றுங்கள்” என்றால் டிடபிள்யூஜி என்ற வாலை அழித்துவிட்டு, டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வரைபட ஃபார்மட்டின் வாலைத் தட்டி அனுப்புகிறார்கள். பெயர் மாறுகிறது, உள்ளே ஒரு எழுத்துகூட மாறுவதில்லை. இரண்டாவது ஓட்டை பதிப்பு. டிடபிள்யூஜி என்பது ஒரே வகைதான், ஆனால் ஆட்டோகேட் சில பதிப்புகளுக்கு ஒருமுறை அதை மாற்றி எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. கோப்பை ஒரு சாதாரண உரைப்பதிப்பானில் திறந்து பாருங்கள். முதல் ஆறு எழுத்துகள் மட்டும் படிக்கிற மாதிரி இருக்கும். ஏசி1015 என்றிருந்தால் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் முறை, ஏசி1032 என்றிருந்தால் 2018இன் முறை. வகை ஒன்று, வாலும் ஒன்று, ஆனாலும் பழைய மென்பொருள் முதலாவதைத் திறக்கும், இரண்டாவதைத் திறக்காது. ‘வகை’ இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘எழுதுமுறை’. கோப்பின் எழுதுமுறை.

டிஎக்ஸ்எஃப் கோப்பு ஒன்றைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். அது 1982இல் ஆட்டோகேட்டின் முதல் பதிப்போடு வந்தது, வரைபடங்களைப் பரிமாறிக்கொள்வதற்கென்றே உண்டானது. பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே இருக்கும். ஒரு துளையை அது எழுதும் விதம் இப்படி: ஒரு வரியில் 0, அடுத்த வரியில் வட்டம் என்பதற்கான ஆங்கிலச் சொல். அப்புறம் 10, அதன் கீழே மையத்தின் கிடைத்தூரம். 20, அதன் கீழே செங்குத்துத் தூரம். 40, அதன் கீழே ஆரம். ஒரு வரி குறி, ஒரு வரி மதிப்பு, இப்படியே கோப்பு முடியும்வரை போகும். அதே துளையை, முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பு வேறு விதமாக எழுதும். அதற்கு வட்டமே தெரியாது, முக்கோணம் மட்டும்தான் தெரியும், அதனால் துளையின் சுவரைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைத்து எழுதும். அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதையும் எழுதாது. அச்சடித்த பாகம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்பது இதனால்தான். முப்பரிமாண மாதிரிகளை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்க உதவும் ஸ்டெப் கோப்பு வளைந்த பரப்பை வளைந்த பரப்பாகவே எழுதும், அலகையும் எழுதும். துளை ஒன்று, எழுதுமுறை மூன்று. இதில் எந்த இடத்தில் ‘வடிவமைப்பு’ மாறுகிறது?

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, எழுதுவதற்கு இணையாகப் படிப்பதும் கூடவே வருவது. “இந்த மென்பொருளுக்கு அந்த எழுதுமுறையைப் படிக்கத் தெரியாது” என்றால் புதிதாக வந்தவருக்கும் நிலைமை விளங்கும். வாலை மாற்றினால் போதும் என்று அவருக்குத் தோன்றாது. கடிதம் தெரியாத மொழியில் இருந்தால், உறையின் மேல் தமிழ் என்று எழுதுவதால் அதைப் படித்துவிட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பேச்சில் ‘ஃபார்மட்’ என்றே சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் தவறாத கடன்சொல், பொருள் தவறிய தமிழ்ச்சொல்லை விட நூறு மடங்கு மேல். ஆனால் திரையில் தமிழைத் தேர்ந்துகொண்டு கற்கிறவர்களுக்குச் சொல்லே பாதிப் பாடம். அவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பென் டிரைவைச் செருகினால் “வட்டை வடிவமைக்கவா?” என்று ஒரு கேள்வி. ஏதோ அழகுபடுத்தப் போகிறது என்று சரி சொன்னால், உள்ளே இருந்த வரைபடங்கள் எல்லாம் போய்விடும். ‘அழித்துப் புதிதாக ஆயத்தம் செய்யவா’ என்று கேட்க என்ன தடை? ஒரு கோப்பை வேறு எழுதுமுறையில் சேமிப்பதற்கு ‘ஏற்றுமதி’. இணையத்துக்கு அனுப்புவது ‘பதிவேற்றம்’. இரண்டிலும் ‘ஏற்று’ இருப்பதால், ஏற்றுமதி செய் என்றதும் எங்கே ஏற்றுவது என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். ‘ஆதரிக்கப்படாத’ என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மென்பொருள் கோப்பை ஆதரிப்பதில்லை, படிக்கிறது அல்லது படிப்பதில்லை. மொழிபெயர்ப்பவர் கையில் சொற்களின் பட்டியலை மட்டும் கொடுத்து, அவை திரையில் எங்கே வரும் என்று காட்டாமல் வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும். பட்டியலைக் கொடுப்பவர்கள் ஒருமுறையாவது அந்தத் திரையைக் காட்டட்டும். மொழிபெயர்ப்பவர்களும் கேட்டு வாங்கட்டும்.

‘கோப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். கோத்தல் என்பதிலிருந்து வந்தது. தாள்களை நூலில் கோத்து வைத்த பழக்கம் அதற்குள் அப்படியே இருக்கிறது. செய்கிற வேலையைப் பார்த்து வைத்த பெயர், அதனால்தான் யாரும் அதில் தடுமாறுவதில்லை.

அந்தத் தம்பிக்கு மறுபடியும் எழுதினேன்: “தட்டு முதலில் வரைந்தபடியே இருக்கட்டும், அதில் ஒன்றும் குறையில்லை. கோப்பை மட்டும் டிஎக்ஸ்எஃப் எழுதுமுறையில், 2000 பதிப்பில், மில்லிமீட்டரில் சேமித்து அனுப்புங்கள்.” பத்து நிமிடத்தில் வந்தது. திறந்தேன். நான்கு துளைகளும் இருந்த இடத்தில் இருந்தன.